நின்றுவிடும் படபடப்பும் நிற்காத கடமையும்

நாற்று நட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது. இதயம் நிமிடத்திற்கு 180 முறை அடிக்கிறது. அரைநாள் கூலியை இழந்து ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைவதற்குள் படபடப்பு நின்றுவிடுகிறது. ஈ.சி.ஜி. இயல்பாக இருக்கிறது. "பயம்தான், ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பல நேரங்களில் அது பயமன்று. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்தூண்டல் செல்லக் கூடுதல் வழியொன்று இருந்தால், தூண்டல் அதில் சுழன்று துடிப்பை விரைவாக்கும். இதனை மாத்திரை அடக்கி வைக்கும், குணமாக்காது. வடிகுழாய் நீக்கச் சிகிச்சை குணமாக்கும். தொடைச் சிரைவழியே மெல்லிய வடிகுழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறுள்ள இடத்தைக் கண்டறிந்து, ரேடியோ அலையின் வெப்பத்தால் அச்சிறு திசுவை மட்டும் அழிக்கிறார்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. இவ்வகைக் கோளாறில் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். அரிதாக இயல்பான மின்பாதை பழுதுபட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம். இதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும்.

1990களிலிருந்து நிலைபெற்ற சிகிச்சை இது. ஆயினும் கேத் லேப் இருந்தால் மட்டும் போதாது. இதய மின்னியல் பதிவுக் கருவியும் அதில் பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது. அட்டை ஒருபோதும் கருவியாகாது. கருவி இல்லாத அரசு மருத்துவமனை நோயாளியைத் தனியாரிடம் அனுப்பும். பயணச் செலவும் இழந்த கூலியும் அவர் தலையில் விழும். அன்றாடக் கூலியை நம்பி வாழும் தலித் குடும்பங்களில் பலர் அத்துடன் சிகிச்சையையே கைவிடுகின்றனர்.

1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. 1996இல் உச்ச நீதிமன்றம் அதனை அரசமைப்பின் 21ஆம் பிரிவை மீறிய செயல் என்று கண்டு, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. நிதியில்லை என்பது சாக்காகாது என்றும் உரைத்தது. அது அவசர சிகிச்சை குறித்த வழக்கு என்று அரசுத் தரப்பு வாதிடும். அவ்வாதத்தில் ஓரளவு வலுவும் உண்டு. எனவே வெறும் தீர்ப்பை ஏந்திச் செல்வதைவிட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிடமும் நாம் முதலில் கேட்க வேண்டும்: கருவி உண்டா, கடந்த ஆண்டில் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேரை வெளியே அனுப்பினீர்கள்?

படபடப்பின்போது எடுத்த ஈ.சி.ஜி. தாள் மருத்துவருக்கும் வழக்குக்கும் முதன்மைச் சான்று. அதன் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அன்றே நகலெடுத்து வையுங்கள்.