மடங்கும் வாக்கியமும்

பல்லாவரம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருபவர் மறைமலையடிகள். 1911இல் கிறித்துவக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு இங்கே குடிவந்தவர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். அன்றுமுதல் நம் மொழிச்சண்டை பெரும்பாலும் சொல்லைப் பற்றியதாகவே இருந்துவிட்டது. கணிதத்திலும் இதே கதைதான். பீஜகணிதமா, இயற்கணிதமா? கலைச்சொல் வந்துவிட்டால் கணிதமே தமிழுக்கு வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை. தொடரை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ‘கணக்கு நல்லாப் போடுவான், வாக்கியமாக் குடுத்தாத்தான் முழிக்கிறான்’ என்று டியூஷன் வாசலில் பெற்றோர் சொல்வது தொடரைப் பற்றிய புகார்.

வாக்கியத்தைச் சமன்பாடாக்குவது மொழிபெயர்ப்பு. அதில் எங்கே சறுக்குகிறது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. கிளெமென்ட், லாக்ஹெட், மங்க் ஆகிய மூவர் 1981இல் வெளியிட்டது. ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள். இதைச் சமன்பாடாக எழுத வேண்டும். முதலாண்டுப் பொறியியல் மாணவர் 150 பேரிடம் கேட்டதில் 37 விழுக்காட்டினர் தவறவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6ம = ப. பேராசிரியர் பத்துப் பேர் என்றால் மாணவர் அறுபது. ஆகவே 6ப = ம என்பதுதான் சரி.

ஆங்கில வாக்கியத்தில் சொற்கள் நிற்கும் வரிசை: ஆறு மடங்கு, மாணவர்கள், பேராசிரியர்கள். அப்படியே இடமிருந்து வலமாகக் குறியாக்கினால் தவறுதான் கிடைக்கும். நம் வாக்கியத்தைப் பாருங்கள்: பேராசிரியர்களைப் போல், ஆறு மடங்கு, மாணவர்கள். ப × 6 = ம. வரிசையே சமன்பாடாகிவிடுகிறது! ‘ஓர் எண்ணைவிட ஐந்து குறைவு’ என்பதும் அப்படித்தான். எண் முதலில், கழிக்க வேண்டிய ஐந்து பிறகு. ஆங்கிலத்தில் ஐந்து முன்னால் வந்து பையனை 5 – எ என்று எழுத வைக்கிறது.

இதை வைத்துத் தமிழ்ப் பெருமை பேச வேண்டியதில்லை. சொல்வரிசை மட்டுமே காரணம் அல்ல என்று அந்த ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். ‘ம’ என்ற குறிப்பான் மாணவரைச் சுட்டுவதாக நினைத்துக்கொண்டால் ‘ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்’ என்ற சித்திரம் அப்படியே 6ம = ப ஆகிவிடும். ‘ம’ சுட்டுவது ஆளை அல்ல, ஆட்களின் எண்ணிக்கையை. இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளையும் தடுமாறத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல் சமக்குறி. 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் அதைப் புகுத்தியது, ‘இதற்குச் சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பு தாளாமல். அதாவது, வாக்கியத்தில் இருந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக வந்த குறி. ‘அப்பா வயசு மகன் வயசைப் போல மூணு மடங்கு.’ இதில் அந்தச் சொல் எங்கே? எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவிலுள்ள மௌனத்தில் இருக்கிறது. பாடநூல்கள் கடைசியில் ஓர் ‘ஆகும்’ ஒட்டுகின்றன. சமக்குறியோ நடுவில் வர வேண்டியது. பேச்சில் ‘வயசு’க்குப் பிறகு ஒரு நொடி நிறுத்துகிறோமே, அங்கேதான் கோடு போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கலாம்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாயின. ‘தமிழில் கணக்கு ஓடாது’ என்ற சொல்லாடலுக்கு இதனால் ஓர் அரசு முத்திரையும் கிடைத்தது. அங்கே நடப்பதென்ன? கேள்வி ஆங்கிலத்தில், டீச்சர் அதைத் தமிழில் சொல்லிப் புரியவைக்கிறார், பிறகு சமன்பாடு. இரண்டு மொழிபெயர்ப்புகள். மதிப்பெண் வாங்கித் தருவது நடுவிலுள்ள தமிழ் வாக்கியம். விடைத்தாளில் அதற்கு இடமில்லை.

தமிழ் தானே வைத்துக்கொண்டிருக்கும் பொறியும் ஒன்றுண்டு. ‘இருநூறைவிட மூன்று மடங்கு அதிகம்’ என்றால் அறுநூறா, எண்ணூறா? இரண்டு பொருளிலும் எழுதுகிறார்கள். பாடநூல் எழுதுகிறவர்கள் ‘போல் மூன்று மடங்கு’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். இதற்குக் கலைச்சொல் குழு எதுவும் கூட வேண்டியதில்லை.