வேலைக்கும் போகலாம், வேலையில்லாதோர் பணமும் வாங்கலாம்! தெரியுமா?

வேலை போனவருக்கு அரசு தரும் உதவித்தொகை, அவர் எங்காவது நாலு மணி நேரம் வேலை பார்த்தாலே நின்றுவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! பகுதிநேர வேலைக்குப் போய்க்கொண்டே அதையும் வாங்கலாம். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி எல்லாவற்றிலும் சட்டமே இடம் தருகிறது! கணக்கைப் பார்த்தால்தான் தலை சுற்றும்!

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு கணக்கு, தெரியுமா? முதலில் சட்டம் போட்டது விஸ்கான்சின், 1932-ல். முதல் காசோலை கைக்கு வந்ததோ 1936-ல்! தொகை? வெறும் 15 டாலர்!

கலிபோர்னியா கணக்கு இன்னும் வேடிக்கை! அங்கே வாரச் சம்பளத்தில் 25 டாலர் அல்லது கால் பங்கு, இதில் எது அதிகமோ அதை விட்டுவிடுவார்கள். மீதியை உதவித்தொகையில் கழிப்பார்கள். ஒருவருக்கு வாரம் 300 டாலர் உதவித்தொகை என்று வையுங்கள். 40 டாலருக்கு வேலை பார்க்கிறார். 15 கழியும். கையில் மொத்தம் 325. சரி, 100 டாலருக்கு உழைத்தால்? 75 கழியும். கையில்? அதே 325! 60 டாலர் உழைப்பு எங்கே போயிற்று? 200 டாலருக்கு உழைத்தால்தான் மொத்தம் 350-ஐத் தொடும்!

நியூயார்க்கில் 2021 வரை நடந்த கூத்து தெரியுமா? எத்தனை மணி நேரம் என்று கேட்கவே மாட்டார்கள்! எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. ஒரு நாள் கால் வைத்தால் கால் பங்கு போச்சு! ஒரே நாளில் 12 மணி நேரம் நின்று உழைத்தவருக்குக் கால் பங்குதான் வெட்டு. நாலு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கடையைத் திறந்து வைத்துவிட்டு வந்தவருக்கோ முழுத்தொகையும் காலி! 12 மணி நேரத்துக்குக் கால், 4 மணி நேரத்துக்கு முழுசு! என்ன நியாயமோ! பிறகுதான் மணிக்கணக்குக்கு மாறினார்கள். இப்போது வாரம் 10 மணி நேரம் வரை வெட்டே இல்லை!

ஒரு டாலர் 600 டாலரை இழுத்து வந்த கதை தெரியுமா? 2020 கொரோனா காலத்தில் அமெரிக்க மத்திய அரசு வாரம் 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. பகுதிநேரச் சம்பளம் கழித்து ஒரே ஒரு டாலர் உதவித்தொகை மிஞ்சினாலும் போதும், 600-ம் முழுசாக வந்தது! அந்த ஒரு டாலரும் மிஞ்சாதவருக்கு? பூஜ்யம்!

ஜெர்மனிக்காரர்களுக்குக் கடிகாரம்தான் எஜமான்! வாரம் 15 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் 'வேலையில்லாதவர்'. 15-ஐத் தொட்டாலோ உதவித்தொகையே கிடையாது! மாதம் 165 யூரோ வரை சம்பாத்தியத்தில் கை வைக்க மாட்டார்கள்.

கனடாவில் பாதிக்குப் பாதி! சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட்தான் கழியும். முன்பு வாரம் 1,000 டாலர் வாங்கியவருக்கு உதவித்தொகை 550. பகுதிநேர வேலையில் 400 வந்தால் 200 கழிந்து, கையில் 750! பழைய சம்பளத்தில் 90 சதவீதத்தைத் தாண்டினால்தான் டாலருக்கு டாலர் வெட்டு.

பின்லாந்தில் மாதம் 300 யூரோ வரை சம்பாதித்தாலும் உதவித்தொகையைத் தொடாமல் இருந்தார்கள். 2024 ஏப்ரலில் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள்!

இன்னொன்று! அமெரிக்காவில் சனிக்கிழமை வேலை பார்த்து, சம்பளம் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தால் எந்த வாரத்தில் காட்ட வேண்டும் தெரியுமா? பணம் வந்த வாரத்தில் அல்ல, வேலை பார்த்த வாரத்தில்! அதுவும் பிடித்தத்துக்கு முந்தைய முழுச் சம்பளத்தை! வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதன் மேல் குறைந்தது 15 சதவீத அபராதமும் உண்டு. அங்கே இருப்பவர்கள் வாரப் படிவத்தை நிரப்பும்போது சம்பளச் சீட்டு வரும்வரை காத்திருக்காமல், உழைத்த மணி நேரத்தை அன்றன்றே குறித்து வையுங்கள்!