ரொமாண்டிக் கால இசையும் தமிழகச் சதிர்க் கலைஞர்களும்

ஐரோப்பியச் செவ்வியல் இசை வரலாற்றில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ரொமாண்டிக் காலம் (புனைவியக் காலம்) எனப்படுகிறது. ஷூபர்ட், ஷோபன், ஷூமன், வாக்னர், சாய்க்கோவ்ஸ்கி முதலியோர் இக்கால இசையமைப்பாளர்கள். வடிவ ஒழுங்கைவிட உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் இவர்கள் முதலிடம் தந்தனர். தொலைதூர நாடுகளைப் பற்றிய கதைகளும் அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டன. அவற்றில் அடிக்கடி தோன்றிய ஒரு பாத்திரம் இந்திய நடனப் பெண்.

பயதேர் என்னும் கற்பனைப் பாத்திரம்

இந்தியக் கோயில் நடனப் பெண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பயதேர்’ என்று அழைத்தனர். நடனமாடுபவள் என்னும் பொருளுடைய போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து இது வந்தது. ஜெர்மானியக் கவிஞர் கதே 1797இல் கடவுளையும் நடனப் பெண்ணையும் பற்றி ஒரு கதைப்பாடல் எழுதினார். ஷூபர்ட் 1815இல் அதற்கு இசையமைத்தார். இதே கருவைக் கொண்டு ஓபேர் இசையமைத்த இசை நாடகம் 1830இல் பாரிசில் அரங்கேறியது. அதில் நடனப் பெண்ணாக ஆடியவர் புகழ்பெற்ற பாலே கலைஞர் மரீ தாலியோனி.

1838ஆம் ஆண்டுப் பயணம்

1838இல் பாண்டிச்சேரி வழியாக உண்மையான சதிர்க் குழு ஒன்று பிரான்சு சென்றது. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஐந்து நடனப் பெண்களும் மூன்று இசைக் கலைஞர்களும் அதில் இருந்தனர். பாரிசிலும் பின்னர் லண்டனிலும் இவர்கள் ஆடினர். குழுவின் முதன்மைக் கலைஞர் அம்மணி. பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே இவரது ஆட்டத்தை வியந்து எழுதினார். சிற்பி பார் இவரை வெண்கலச் சிலையாக வடித்தார்.

கோத்தியே பின்னர் சகுந்தலை கதையைப் பாலேவுக்காக எழுதினார். ரேயே இசையமைத்த அது 1858இல் பாரிசில் மேடையேறியது. ‘லா பயதேர்’ என்னும் பாலே 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. இதன் நடனத்தை அமைத்தவர் பெத்திபா, இசையை அமைத்தவர் மின்கஸ். தெலிப் இயற்றிய ‘லக்மே’ இசை நாடகம் 1883இல் வெளிவந்தது.

எடுத்ததும் விட்டதும்

‘லா பயதேர்’ பாலேயின் கதை இந்தியாவில் நடக்கிறது. இசையோ வால்ட்ஸ் போன்ற ஐரோப்பிய நடைகளில் அமைந்தது. அதில் இராகமும் இல்லை, கமகமும் இல்லை, தாள ஆவர்த்தனமும் இல்லை. ஐரோப்பிய இசை பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் ஒத்திசைவை அடிப்படையாகக் கொண்டது. சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகத்தை அவர்களது ஐந்து கோட்டுக் குறியீட்டில் எழுதுவது கடினம். ஒலிப்பதிவு செய்து மறுபடி கேட்கவும் வழியில்லை. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்ததே 1877இல்தான்.

தமிழகத்தில் இதற்கு மாறாக நடந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் சிறந்து விளங்கினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அம்மணி பாரிசில் ஆடியதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு நடந்தது இது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய இந்நால்வரே சதிர்க் கச்சேரியின் உருப்படிகளை முறைப்படுத்தியவர்கள்.

தமிழகக் கலைஞர்கள் வேற்று நாட்டுக் கருவியை ஏற்று, தம் இராகத்தை அதில் வாசித்தனர். ரொமாண்டிக் கால இசையமைப்பாளர்கள் நடனப் பெண்ணின் தோற்றத்தை ஏற்று, அவளது இசையை விட்டுவிட்டனர். இந்திய இராகங்களின் சாயல் ஐரோப்பிய மேடையில் தெளிவாகக் கேட்க, 1909இல் இந்தியாவுக்கு வந்து சென்ற ரூசெலின் ‘பத்மாவதி’ (1923) வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ரொமாண்டிக் காலம் முடிந்துவிட்டது.