குருதியில் நேர்ந்த எழுத்துப்பிழை

மக்கட்கு வரும் நோய்கள் பலவாயினும், அவற்றைப் புறத்திருந்து வருவன, அகத்திருந்து தோன்றுவன என இரு கூறாகப் பகுத்தல் பொருந்தும். வாந்திபேதி, அம்மை, காசம் முதலியன புறத்திருந்து புகும் கிருமிகளால் வருவன. அக்கிருமிகளைக் கண்டறிந்து வெல்லும் வகையைச் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாக மருத்துவ நூலார் கற்று வந்துள்ளனர். ஆயின், தாய் வயிற்றில் கருவாகும்போதே உடன்தோன்றி, உயிருள்ளளவும் உடனுறையும் பிறவிப் பிணிகள் சில உள. அவற்றிற்குப் புறத்தே பகைவன் இல்லை. உடம்பை ஆக்கும் கட்டளையிலேயே பிழை அமைந்துவிடுகின்றது. இத்தகைய பிணியின் துன்பத்தைத் தணிப்பதோடு நில்லாமல், அதன் வேரையே சென்று பற்றுதல் கூடுமோ? இவ்வினாவிற்கு நம் தமிழ்நாட்டு வேலூரிலிருந்து 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு விடை வெளிவந்தது. அவ்விடையைத் தோழர்க்கு எளிதின் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பிணி இன்னதென அறிதல் வேண்டும். உடம்பில் காயம் நேர்ந்தவிடத்துக் குருதி தானே உறைந்து, வாயிலை அடைத்துக்கொள்வதை யாவரும் கண்டிருப்போம். அங்ஙனம் உறைவதற்குக் குருதியிலுள்ள பல காரணிகள் சங்கிலிக் கண்ணிகள்போல ஒன்றன்பின் ஒன்றாய்த் தொழில் செய்கின்றன. அவற்றுள் எட்டாம் காரணி எனப்படும் புரதம் இல்லாது பிறப்பாரும், இருந்தும் போதாது பிறப்பாரும் உளர். அவர்க்குற்ற நோயே ஹீமோபிலியா ‘ஏ’ என்பது. ஒன்பதாம் காரணி குறைந்தால் அது ஹீமோபிலியா ‘பி’ எனப்படும். முன்னது ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளுள் ஒன்றற்கு வருவது. உடல்நலம் உடையாரிடத்து இருக்கும் எட்டாம் காரணியை நூறு பங்காகக் கொண்டால், ஒரு பங்கினும் குறைவாக உடையவர் கடுநோயாளர் ஆவர்.

இந்நோயுடையார் சிறு கீறல் பட்டாலும் குருதி பெருகி மாண்டுபோவர் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கீறலினும் கொடியது, புறத்தே தோன்றாமல் மூட்டினுள்ளும் தசையினுள்ளும் நிகழும் குருதிப்பெருக்கே. அடிபடாமலேயே முழங்கால் ஓர் இரவில் வீங்கிவிடும். அது மீளமீள நிகழ, மூட்டுத் தேய்ந்து கால் முடங்கும். தலையினுள் குருதி பெருகின் உயிருக்கே இறுதியாம். அத்திப்பட்டு, எண்ணூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிலூர்களை நோக்குவார்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். அங்குப் பெரும்பாலார்க்கு உடலுழைப்பே முதல். நெடுநேரம் நிற்றலும், பாரம் தூக்குதலும், இரும்போடும் இயந்திரத்தோடும் பழகுதலுமே பிழைப்பு. முழங்கால் முடங்கிய இளைஞனுக்கு அத்தொழிற்சாலைகளின் வாயில் எங்ஙனம் திறக்கும்? ஆகவே, இது குருதியின் நோய் மட்டுமன்று. குடும்பத்தின் வாழ்வையே முடக்கும் நோயாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் தன் பட்டியலுட் சேர்த்ததன் கருத்தும் இதுவே.

இனி, இது வழிவழி வரும் முறையை நோக்குவோம். எட்டாம் காரணியை ஆக்கும் மரபணு ‘எக்ஸ்’ என்னும் குரோமோசோமில் உள்ளது. பெண்டிர்க்கு ‘எக்ஸ்’ இரண்டு, ஆடவர்க்கு ஒன்றே. தாயிடத்து ஒன்று பழுதாயினும் மற்றொன்று ஈடுசெய்வதால் அவள் பெரும்பாலும் நோயின்றி வாழ்கின்றாள். அவள் ஈன்ற மகன் பழுதுற்றதைப் பெற்றானாயின், ஈடுசெய்ய அவனிடம் வேறொன்றில்லை. ஆதலின் அவளுடைய ஆண்மக்களுள் ஒவ்வொருவனுக்கும் நோய் வருதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. நோயுற்ற ஆடவனின் ஆண்மக்கட்கு அவனிடமிருந்து இந்நோய் செல்வதில்லை; பெண்மக்கள் அனைவரும் அப்பழுதைச் சுமப்பர்.

முன்னோர் இம்மரபணுவை அறியாராயினும் அதன் போக்கை அறிந்திருந்தனர். ஒரு தாயின் இரு புதல்வர் விருத்தசேதனத்தால் இறந்தாராயின், மூன்றாமவனுக்கு அதனைச் செய்தல் ஆகாது என யூதரின் தல்மூது விதித்தது. விக்டோரியா மகாராணியாரின் புதல்வர் லியோபோல்டு ஹீமோபிலியா ‘பி’ உடையவர். 1884இல் கீழே விழுந்து குருதிப்பெருக்கால் மாண்டார். மகாராணியாரின் பெண்வழியே இந்நோய் ருஷிய இளவரசர் அலெக்ஸியையும் பற்றியது. அரண்மனையின் செல்வமும் காவலும் அப்பிள்ளையைக் காக்கவில்லை.

ஈண்டு ஒன்று கூறாமல் அமைதல் இயலாது. மகன் நோயோடு பிறந்தால் தாயைப் பழிப்பது நம்மவர் பலரிடத்துள்ள வழக்கம். இப்பிணி தோன்றியவருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்க்குக் குடும்பத்தில் முன்னர் எவர்க்கும் நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாய் நேர்ந்த மாற்றமே காரணம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர், இவன் பாவமோ, பெற்றோர் பாவமோ என வினவியபோது நம் ஆண்டவர் இரண்டனையும் மறுத்ததைக் கிறிஸ்தவர் அறிவர். அறிவியலும் அவ்வாறே மறுக்கின்றது. பிழை உண்டு, குற்றவாளி இல்லை.

அப்பிழை எத்தகையது? தமிழ் பயில்வார்க்கு இதனை விளக்குதல் எளிது. பண்டை நூல்கள் ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் பெயர்த்தெழுதப்பட்டே நம் கைக்கு வந்தன. எழுதுவோன் அயர்ந்தவிடத்து எழுத்து மாறிற்று. சிலவிடத்து ஏடு சிதைந்தது. சிலவிடத்து ஏடுகள் முறைபிறழக் கோக்கப்பட்டன. நம் உயிரணுக்களுள் பெரும்பாலானவற்றினுள் டி.என்.ஏ. என்னும் சுவடி ஒன்று உள்ளது. அதன் எழுத்துக்கள் நான்கே. ஆயின், அந்நான்கு எழுத்துக்களால் ஏறக்குறைய 300 கோடி இடங்கள் நிரம்பியுள்ளன. எட்டாம் காரணியைக் கூறும் இயல் மட்டும் சுமார் 1,86,000 எழுத்துடையது. கடுநோயாளர் நூற்றுவருள் ஏறக்குறைய 45 பேரிடத்து, அவ்வியலின் பெரும்பகுதி தலைகீழாய்த் திரும்பிக் கிடக்கின்றது. ஏடு உண்டு, எழுத்தும் உண்டு. கோவை பிறழ்ந்தமையால் பொருள் கொள்ளுதல் இயலவில்லை. அவ்வியலை அறிஞர் முதன்முதல் பிரித்தெடுத்துப் படித்தது 1984இல்.

நிற்க. இதுகாறும் செய்யப்பட்டுவரும் மருத்துவம் யாது? இல்லாத காரணியை நரம்பின் வழியே ஊசியால் செலுத்துதலே. ஆயின் செலுத்திய காரணியிற் பாதி சுமார் 12 மணி நேரத்தில் அழிந்துவிடுகின்றது. ஆகவே வாரந்தோறும் இருமுறை, மும்முறை ஊசி வேண்டும். சிலர் உடல் அக்காரணியையே பகையெனக் கொண்டு எதிர்ப்பதுமுண்டு. முற்காலத்தில் இக்காரணி பல்லாயிரவர் குருதியினின்று திரட்டப்பட்டது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் வாயிலாக எச்.ஐ.வி. கிருமியும் ஈரலைப் பற்றும் கிருமியும் கலந்து, பல நாடுகளில் ஹீமோபிலியா உடையார் ஆயிரக்கணக்கில் மாண்டனர். உயிர் காக்க இட்ட ஊசியே உயிர் கொண்டது. இப்போது தூய முறையில் காரணி ஆக்கப்படுகின்றது. தோலின்கீழ் இடும் புது மருந்தும் வந்துள்ளது. ஆயினும் இவை யாவும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியனவே.

நல்ல மரபணுவையே உடலினுட் புகுத்திவிட்டால், உடல் தானே காரணியை ஆக்கிக்கொள்ளுமன்றோ? இக்கருத்தே மரபணு மருத்துவத்தின் உயிர்நாடி. 1990இல் அமெரிக்காவில், நோய் எதிர்க்கும் ஆற்றலின்றிப் பிறந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இம்முறை செய்யப்பட்டது. அதன்பின் வழி இனிதாக அமையவில்லை. 1999இல் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் பதினெட்டு வயது இளைஞர், நம்மனைய பருவத்தினர், இத்தகைய ஆராய்ச்சியில் உயிரிழந்தார். பின்னர்ப் பிரான்சில் சிகிச்சை பெற்ற சிறார் சிலர்க்கு, புகுத்திய மரபணு தகாத இடத்தில் அமர்ந்தமையால் இரத்தப் புற்று உண்டாயிற்று. இவ்விழப்புக்களிற் கற்ற பாடங்களின் மேலேயே இன்றைய முயற்சி நிற்கின்றது.

மேல்நாட்டார் ஹீமோபிலியாவிற்குக் கண்ட முறை, தீங்கற்ற சிறு வைரஸ் ஒன்றை ஊர்தியாக்கி மரபணுவை ஈரலுக்கு அனுப்புவதாம். அம்முறையில் அமைந்த மருந்து ஹீமோபிலியா ‘ஏ’ நோய்க்கென 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் இசைவு பெற்றது. ஆயின் அவ்வைரஸை முன்னரே எதிர்த்துப் பழகிய உடலுடையார் பலர். அவர்க்கு இது பயன்படாது. புகுந்த மரபணு குரோமோசோமோடு ஒன்றாமையால், ஈரல் வளருங்கால் அது குன்றிவிடும். ஆதலின் சிறார்க்கு ஏற்றதன்று. காரணியின் அளவும் ஆண்டு செல்லச் செல்லக் குறைகின்றது. விலையோ 29 இலட்சம் டாலர். நம் நாணயத்தில் 20 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது!

வேலூரார் வேறு வழி கண்டனர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், அதனைச் சார்ந்து பாகாயத்தில் இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிலையமும், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு கூடி, டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா அவர்களின் தலைமையில் இதனைச் செய்தனர். குருதியின் அணுக்கள் யாவற்றையும் பெற்றெடுப்பன எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல் என்னும் குருத்தணுக்கள். மருந்து கொடுத்து அவற்றை மஜ்ஜையினின்று குருதியில் இறங்கச் செய்து, கருவியால் பிரித்தெடுத்தனர். ஆய்வுக்கூடத்தில் லென்டிவைரஸ் என்னும் ஊர்தி வாயிலாக எட்டாம் காரணியின் மரபணுவை அவற்றுள் புகுத்தினர். பின்னர், நோயாளியின் மஜ்ஜையிலிருந்த பழைய குருத்தணுக்களைக் கடுமருந்தால் அகற்றி, திருத்திய அணுக்களை நரம்பின் வழியே திரும்பச் செலுத்தினர். அவை தாமே மஜ்ஜையைச் சென்றடைந்து குடியேறின. அவற்றினின்று பிறக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் காரணியை ஆக்கத் தொடங்கின.

இதன்கண் வியக்கத்தக்கன இரண்டு. லென்டிவைரஸ் ஊர்தி என்பது எச்.ஐ.வி. கிருமியிலிருந்தே, அதன் நச்சுத்தன்மையை நீக்கி அமைக்கப்பட்டது. முன்னர் ஹீமோபிலியா உடையாரைக் கொன்ற கிருமியே இன்று அவர்க்கு மருந்து சுமக்கும் ஆளாயிற்று. மற்றொன்று, புகுத்திய மரபணு முழுதும் மானிடருடையதன்று. பன்றியின் எட்டாம் காரணியிலிருந்து சில பகுதிகள் அதனுட் சேர்க்கப்பட்டுள்ளன. அவ்வாறு சேர்த்தால் காரணி மிகுதியாகச் சுரக்கும் என அறிந்தமையே காரணம். பதிப்பாசிரியர் வேறொரு சுவடியில் நல்ல பாடம் கண்டு கொள்வது போன்றது இது.

பயன் யாது? கடுநோயாளர் ஐவர்க்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது. அவர் வயது 22 முதல் 41 வரை. முதல் இருவர்க்கும் எட்டாம் காரணி நூற்றுக்குச் சில பங்கே உண்டாயிற்று. மரபணு நன்கு புகுதற்குத் துணைப்பொருள் ஒன்றைச் சேர்த்து, ஏனைய மூவர்க்குச் செய்தபோது, ஏறக்குறைய 19 முதல் 37 பங்கு வரை உயர்ந்தது. ஐவரையும் கண்காணித்த காலம் கூட்டுத்தொகையில் 81 மாதம். அக்காலத்தில் ஐவருள் ஒருவர்க்கேனும் குருதிப்பெருக்கு நிகழவில்லை. இச்செய்தி ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் புகழ்பெற்ற இதழில் வெளியாயிற்று.

ஆயினும் மகிழ்ச்சியில் நிதானம் இழத்தல் தகாது. ஐவர் என்பது சிறு தொகை. பழைய மஜ்ஜையை அகற்றும் மருந்து கடியது. அந்நாட்களில் தொற்று எளிதில் பற்றும். பிள்ளைப்பேற்றிற்கும் ஊறு நேரலாம். லென்டிவைரஸ் கொண்டு வேறொரு மூளைநோய்க்குச் செய்த சிகிச்சையில் சிறார் சிலர்க்கு இரத்தப் புற்று தோன்றியதும் உண்டு. ஆதலின் பல்லாண்டு விழிப்போடு நோக்குதல் வேண்டும். மேலும், இம்முறை பிழையுற்ற ஏட்டைத் திருத்துவதன்று. பிழையற்ற ஏடொன்றைச் சுவடியில் சேர்ப்பதே. அதுவும் குருதியின் சுவடியில் மட்டும். குணமடைந்தவனின் பெண்மக்கள் முன்போலவே பழுதைச் சுமப்பர். நோயுற்றவனைக் குணமாக்குதல் வேறு. பிறவாத தலைமுறையின் சுவடியையே மாற்றி எழுதுதல் வேறு. 2018இல் சீன அறிஞர் ஒருவர் கருவிலேயே மரபணுவை மாற்றி இரு பெண் குழந்தைகள் பிறக்கச் செய்தபோது, உலகம் அதனைக் கண்டித்தது. அவரும் சிறைத் தண்டனை பெற்றார். அந்த எல்லையை வேலூரார் அணுகினாரல்லர்.

இம்முயற்சி வேலூரில் நிகழ்ந்தது தற்செயலன்று. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு கட்டிலோடு அங்கு மருத்துவத் தொண்டைத் தொடங்கினார். 1918இல் பெண்டிர்க்கு மருத்துவப் பள்ளி அமைத்தார். 1986இல் அவ்விடத்து எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை நிகழ்ந்தது. அக்கைப்பழக்கம் ஓங்கியிருந்தமையாலன்றோ குருத்தணுவை எடுத்துத் திருத்தி மீட்டும் அளிக்கும் துணிவு பிறந்தது! பேறுகாலத்தில் உதவியின்றி மாண்ட பெண்களைக் கண்டு இரங்கிய உள்ளமே அத்தொண்டின் வித்து. அவ்விரக்கமே இன்று நாம் கேட்கவேண்டிய கேள்வியையும் தருகின்றது: இம்மருந்து யாருக்கு?

இருபது கோடி ரூபாய் விலையுள்ள மருந்து, எவ்வளவு அரியதாயினும், அத்திப்பட்டில் கூலிவேலை செய்வானுக்கு இல்லாத மருந்தே. வாரம் மும்முறை ஊசிக்காக மருத்துவமனை செல்வானுக்கு, அந்நாட்களின் கூலியும் இழப்பாகும். ஒருமுறை செய்து முடியும் சிகிச்சை அவனுக்கே மிகுதியும் வேண்டும். நம் நாட்டில் நம் மருத்துவர் ஆக்கும் முறையானால், விலையைக் குறைக்கும் வழியும், அரசினர் ஏற்று வழங்கும் வழியும் நம் கையில் இருக்கும். வேலூர் முயற்சியின் தலையாய சிறப்பு இதுவென்றே கொள்ளலாம்.

தோழர்காள்! அறிவியல் பயில்வார் இத்துறையிற் புகுந்து உழைப்பாராக. தமிழ் பயில்வார் இச்செய்திகளை நாட்டு மக்கட்கு அவர் மொழியில் எடுத்துரைப்பாராக. ஒரு வீட்டில் இப்பிணியோடு பிள்ளை பிறந்தால், அவ்வீட்டுத் தாயைப் பழியாமல், இது திருத்தத்தக்க எழுத்துப்பிழை என்று சொல்ல வல்லாராய் நாம் ஒவ்வொருவரும் இருத்தல் வேண்டும்.