ஐயமும் திரிபும்: காலநிலை மாற்றத்தின் காரணம் பற்றிய விவாதம் குறித்துச் சில குறிப்புகள்

பூமி வெப்பமடைதற்குக் காரணம் மனிதரின் உற்பத்தி நடவடிக்கையா, அன்றி இயற்கையின் ஏற்ற இறக்கமா என்னும் வினா, விஞ்ஞானிகளிடையே பெரிதும் தீர்ந்த பின்னரும் பொது அரங்கிலே தீராத வினாவாக நெடுங்காலம் நீடித்தது. சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில் இந்நீடிப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்கு எமது விசாரணைப் பொருள். இலக்கியம் பயில்வோர் இதிலே தலையிடுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். ஆயின் 'ஐயம்' என்ற கருத்தே இவ்விவாதத்தின் களமாக அமைந்தமையால், சொற்களின் சமூகப் பயன்பாட்டை ஆராய்வோருக்கும் இங்கே பணி உண்டு.

நமது அளவை நூலார் ஐயத்தையும் திரிபையும் வேறுபடுத்தினர். மங்கிய ஒளியிலே தூரத்தே தெரிவது கட்டையோ மனிதனோ எனத் துணியமாட்டாமை ஐயம். கயிற்றைப் பாம்பெனக் கொள்வது திரிபு. ஐயமுற்றவர் அருகே சென்று பார்த்துத் தெளியலாம். ஆனால் அருகே சென்று கண்டவர், தாம் கண்டதை மறைத்து, தொலைவில் நிற்போரை ஐயத்திலேயே இருத்தி வைத்தால் அதனை என்னென்பது? அவ்விரண்டினுள்ளும் அது அடங்காது.

விஞ்ஞானம் அருகே சென்ற வரலாறு நீண்டது. சில வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை 1859இல் ஜோன் ரிண்டல் பரிசோதனையாற் காட்டினார். காபனீரொட்சைட்டு மிகுந்தால் பூமி எவ்வளவு வெப்பமடையும் என 1896இல் சுவீடிய அறிஞர் அரீனியஸ் கணித்தார். 1958இல் ஹவாயின் மௌனா லோவாவிலே சார்ள்ஸ் கீலிங் அளவிடத் தொடங்கியபோது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மிகுந்தது எங்கிருந்து வந்தது என்பதற்கும் சான்றுண்டு. தாவரங்கள் பாரங்குறைந்த காபனையே விரும்பி ஏற்பதால், பண்டைத் தாவரங்களின் எச்சமான நிலக்கரியிலும் எண்ணெயிலும் பாரங்கூடிய காபன் சமதானி குறைவு. வளிமண்டலத்திலும் அதன் விகிதம் குறைந்து வருகின்றது. சூரியனே காரணமாயின் மேலடுக்குகளும் சூடேற வேண்டும். மாறாக, நிலப்பரப்பு சூடேற, படைமண்டலம் குளிர்கின்றது.

அரசாங்கங்களுக்கிடையிலான காலநிலைக் குழுவின் அறிக்கைகளை மொழி நோக்கிற் படிப்பது பயன் தரும். மனிதச் செல்வாக்கு புலப்படுகின்றது என்றது 1995 அறிக்கை. 'பெரும்பாலும்' என்றது 2001 அறிக்கை. 2007இல் 90 நூற்றுவீதத்துக்கு மேற்பட்ட நிகழ்தகவும், 2013இல் 95க்கு மேற்பட்டதும் கூறப்பட்டன. 2021இல் ஐயத்துக்கிடமில்லை என்ற துணிபு வந்தது. ஐயத்தை அளந்து, அளந்ததைக் குறைத்துச் சென்ற மொழி இது.

எண்ணெய்க் கம்பனிகளும் அருகே சென்றிருந்தன. 1977இல் எக்ஸொன் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் எரிப்பதன் விளைவைத் தம் மேலதிகாரிகளுக்கு விளக்கினார். அந்நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1977க்கும் 2003க்குமிடையிற் செய்த வெப்பநிலை முன்கணிப்புகளுட் பெரும்பாலானவை சரியாயிருந்தமையை 2023இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. 1989இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் வாகன நிறுவனங்கள் கூடியமைத்த 'பூகோளக் காலநிலைக் கூட்டணி'யின் கதை இன்னும் தெளிவானது. 1995இல் அதன் தொழினுட்ப ஆலோசகர்களே, பச்சைவீட்டு விளைவின் அடிப்படை மறுக்கவியலாதது எனவும், எதிர்வாதங்கள் வலுவற்றவை எனவும் வரைவொன்றில் எழுதினர். எதிர்வாதங்களை மறுத்த பகுதி நீக்கப்பட்ட பின்னரே அவ்வாவணம் வெளியே சென்றது.

இம்முறை புகையிலைக் கம்பனிகளிடம் பயின்றதாகும். உற்பத்தியை விற்பதற்கு முன் ஐயத்தை விற்கவேண்டும் என்பதை அவை 1950களிலேயே அறிந்திருந்தன. புகையிலைக் கம்பனியொன்றின் மருத்துவ ஆய்வு நிதியை மேற்பார்வை செய்த பௌதிகவியலாளர் பிரெடரிக் சைற்ஸ், பின்னர் காலநிலை விஞ்ஞானத்தை எதிர்த்தோருள் முன்னணியில் நின்றார். 2002இல் குடியரசுக் கட்சியின் ஆலோசகர் பிராங் லுன்ஸ், விஞ்ஞான நிச்சயமின்மையைத் தொடர்ந்து வலியுறுத்துமாறும், 'பூகோளம் வெப்பமடைதல்' என்பதிலும் அச்சங்குறைந்த 'காலநிலை மாற்றம்' என்ற தொடரைக் கையாளுமாறும் எழுதினார். (அத்தொடரையே நாமும் இக்கட்டுரைத் தலைப்பில் இட்டுள்ளோம். சொற்கள் அவ்வளவு எளிதாக எம்மை விட்டகல்வதில்லை.) நடுநிலை என்ற பெயரில் இரு பக்கத்துக்கும் சம இடம் அளித்த பத்திரிகைகளும் இவ்வணிகத்துக்கு உதவின.

இடதுசாரிகளாகிய நாம் இங்கே எம்மையும் நோக்கவேண்டும். அறிவு யாவும் வர்க்கச் சார்புடையது என்ற வாய்பாட்டை அவசரமாகப் பிரயோகித்தால், கீலிங்கின் அளவீடும் கூட்டணியின் துண்டுப்பிரசுரமும் ஒன்றாகிவிடும். அளவீட்டுக்கு வர்க்கம் இல்லை. அதனை மறைத்தமைக்கு உண்டு. சோவியத் விஞ்ஞானி புதிக்கோ 1970களின் தொடக்கத்திலேயே வெப்பமடைதலை எதிர்வு கூறினார். அவர் வாழ்ந்த அரசும் நிலக்கரியைத் தாராளமாக எரித்தது என்பதையும் நாம் கூறியாக வேண்டும்.

உண்மையான ஐயங்கள் இன்றும் உள. காபனீரொட்சைட்டு இருமடங்கானால் வெப்பம் எத்துணை உயரும் என்பதற்கு 1979இல் 1.5 முதல் 4.5 பாகை வரை என்றனர். 2021இல் அது 2.5 முதல் 4 வரை எனச் சுருங்கிற்று. முகில்களின் நடத்தையே எஞ்சியுள்ள முதன்மைச் சிக்கல். இவ்வீச்சுக்கு மேல் எல்லையும் உண்டு. நிச்சயமின்மையைக் காட்டித் தாமதம் கோரியோர் கீழ் எல்லையையே நம்பச் சொன்னார்கள். மேல் எல்லை மெய்யாயின் அச்சுமை எவர் தலையில் இறங்கும் என்பதை அவர்கள் பேச்சிற் காணோம்.