திரையில் தெரிவது நிஜந்தானா?

சென்ற தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து பிளாக்கில் குடியிருக்கும் தம்பி ஒருவர் காலையிலேயே வந்து கதவைத் தட்டினார். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கையில் பெரிய ஸ்கேன் கவர், முகத்தில் இரண்டு நாள் தூக்கமின்மை.

"அக்கா, அம்மாவுக்கு முதுகெலும்பு நழுவியிருக்காம். ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன் பண்ணணும்கறாங்க. நாவிகேஷன் மெஷின் இருக்கு, கவலையே படாதீங்கன்னு சொன்னாங்க. அப்படீன்னா மெஷினே எல்லாத்தையும் பார்த்துக்குமா?"

நான் தில்லியில் 33 வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் கடைசிப் பதினைந்து வருடம் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவில். அந்தத் தம்பிக்குக் காப்பி போட்டுக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசினேன். அன்று பேசியதையே எழுதித் தரும்படி நம் சங்க நண்பர்கள் கேட்டார்கள். டாக்டர் எழுத வேண்டியதை நான் எழுதப் போவதில்லை. கருவியை எடுத்துக் கொடுத்தவள், எண்ணி வாங்கியவள், கழுவ அனுப்பியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

குறுகிய பாலம்

நம் முதுகெலும்பின் ஒவ்வொரு எலும்பிலும் முன்பக்கம் உருண்டையான ஒரு கட்டி. பின்பக்கம் ஒரு வளைவு. இரண்டுக்கும் நடுவே உள்ள துவாரத்தின் வழியாகத்தான் தண்டுவடமும் நரம்புகளும் இறங்குகின்றன. முன் கட்டியையும் பின் வளைவையும் இணைக்க இடமும் வலமுமாக இரண்டு சிறிய எலும்புப் பாலங்கள் உண்டு. டாக்டர்கள் அதைப் பெடிக்கிள் என்பார்கள். ஸ்க்ரூ அந்தப் பாலத்துக்குள்தான் நுழைந்து போக வேண்டும். இடுப்புப் பகுதியில் பாலம் கொஞ்சம் அகலம். நடு முதுகிலோ 4, 5 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடக் குறுகிவிடும். உள்பக்கம் விலகினால் தண்டுவடம். கீழே விலகினால் நரம்பு. எலும்புக்கு முன்னால் தாண்டினால் பெரிய ரத்தக் குழாய்.

அனுபவமுள்ள டாக்டர்கள் கைப்பழக்கத்தாலும் எக்ஸ்ரே உதவியாலும் இதைப் பல வருடங்களாகச் செய்து வந்திருக்கிறார்கள், இன்றும் செய்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக வந்ததுதான் நாவிகேஷன். இந்த யோசனைக்கு வயது அதிகம். 1908-லேயே லண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் என்ற இருவர், மிருகங்களின் மூளைக்குள் குறித்த இடத்துக்கு ஊசியைச் செலுத்த ஒரு சட்டத்தை அமைத்தார்கள். 1947-ல் அமெரிக்காவில் ஸ்பீகல், விசிஸ் இருவரும் மனிதர்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். 1971-ல் சி.டி. ஸ்கேன் வந்தது. கம்ப்யூட்டரும் சேர்ந்துகொள்ள, 1990-களில் முதுகெலும்புக்கும் இந்த வித்தை வந்து சேர்ந்தது.

கேமரா பார்ப்பது எதை?

தியேட்டரில் ஒரு தண்டில் இரண்டு கண்ணுள்ள கேமரா நிற்கும். அது அகச்சிவப்புக் கதிரில் பார்க்கும். நோயாளியின் முதுகெலும்பில் ஒரு சிறிய சட்டத்தை இறுகப் பூட்டுவார்கள். அதில் பளபளக்கும் சின்ன உருண்டைகள் இருக்கும். டாக்டர் கையில் பிடிக்கும் கருவியின் பிடியிலும் அதே மாதிரி உருண்டைகள். ஸ்கேன் படத்தையும் படுத்திருக்கும் உடம்பையும் கம்ப்யூட்டர் பொருத்திக்கொள்ளும். அதன் பிறகு கருவியை அசைத்தால், அது எலும்புக்குள் எங்கே போகிறது என்று திரையில் கோடாகத் தெரியும். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேமரா எலும்பைப் பார்ப்பதில்லை. எலும்பில் பூட்டிய சட்டத்தைத்தான் பார்க்கிறது. கருவியின் நுனியையும் அது பார்ப்பதில்லை. நுனி உடம்புக்குள் அல்லவா இருக்கிறது! பிடியிலுள்ள உருண்டைகளைப் பார்த்து, "இந்தக் கருவி இவ்வளவு நீளம், நேரானது, ஆகவே நுனி இங்கே இருக்கும்" என்று கணக்குப் போடுகிறது.

கருவி லேசாக வளைந்திருந்தால்? வளையாமல் இருந்திருந்தால் நுனி எங்கே இருக்குமோ, அந்த இடத்தைத் திரை காட்டும். சட்டம் நகர்ந்துவிட்டால்? எலும்பே நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். இரண்டிலும் திரை பளிச்சென்றுதான் இருக்கும். மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது.

தில்லியில் கார் ஓட்டுபவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேம்பாலத்துக்குக் கீழே போய்க்கொண்டிருப்போம். போனில் உள்ள வரைபடம் நாம் மேலே போவதாக நினைத்து வழி சொல்லிக்கொண்டே வரும். குரலில் ஒரு தடுமாற்றமும் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "இல்லை, நாம் கீழே இருக்கிறோம்" என்று தெரிந்துகொள்ள வேண்டியது நாம்தான்.

என் முழங்கை செய்த காரியம்

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2011-ல் ஒரு நாள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். மேஜையில் பதினான்கு வயதுப் பெண். முதுகு வளைவுக்கு ஆபரேஷன். வளைந்த முதுகில் அந்தப் பாலங்கள் இன்னும் மெலிந்து, திரும்பியும் இருக்கும். நாவிகேஷன் மிகவும் உதவுவது இம்மாதிரி இடங்களில்தான். ஆறு ஸ்க்ரூ போட்டாகிவிட்டது. உறிஞ்சு குழாயை மறுபக்கம் மாற்றிக் கொடுக்கும்போது என் முழங்கை சட்டத்தில் இடித்துவிட்டது. பெரிய இடி இல்லை. யாரும் பார்க்கவில்லை. திரையிலும் மாற்றமில்லை. டாக்டர் அடுத்த துளைக்குக் கருவியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

கருவி என் கையில். கொடுக்கவில்லை. அந்தச் சில விநாடிகளில் மனது என்னவெல்லாம் சொல்லிற்று தெரியுமா? "லேசாகத்தானே பட்டது." "சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டு விழும்." "இருபது வருட சர்வீஸில் இப்படி ஒரு பெயரா?" வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் தாயார் நினைவுக்கு வந்தார். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றவர்.

"சார், ஃபிரேமை இடிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கருவியின் நுனியை, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஓர் எலும்பு முனையில் வைத்தார். எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்த நுனி, திரையில் காற்றில் நின்றது. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். தியேட்டரில் சத்தமே இல்லை.

திட்டு விழத்தான் செய்தது. சட்டத்தை மறுபடி பூட்டி, மறுபடி ஸ்கேன் எடுத்து, முக்கால் மணி நேரம் தாமதம். ஆனால் மறுநாள் காலை அதே டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விதி வைத்தார். சட்டத்தில் யார் கை பட்டாலும் உடனே உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னவரை யாரும் திட்டக் கூடாது. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கு முன்னாலும், தெரிந்த எலும்பு முனையைத் தொட்டுத் திரை சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண் பத்தாம் நாள் நடந்துதான் வீட்டுக்குப் போனாள்.

கழுவும் அறையில் ஒரு காவல்காரன்

தியேட்டரில் நடப்பது பாதிதான். மீதிப் பாதி கருவிகள் கழுவும் அறையில். யார் கண்ணிலும் படாத இடம்.

ஆபரேஷன் நடக்கும்போதே கருவியில் ஒட்டும் ரத்தத்தைச் சுத்திகரித்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர், அதாவது சலைன், கூடாது. உப்பு எஃகை அரித்துக் குழி விழச் செய்யும். உருண்டைகளில் ஒரு சொட்டு ரத்தம் தெறித்தாலும் கேமராவின் கணக்குப் பிசகும். சுத்தமாகத் துடைபடாவிட்டால் மாற்ற வேண்டும். அந்த உருண்டைகள் பெரும்பாலும் ஒரு முறைக்கே உரியவை. விலையைப் பார்த்து, கழுவி மறுபடி போடலாமே என்று ஆசை வரும். மேல்பூச்சு மங்கினால் வெளிச்சம் சரியாகத் திரும்பாது என்பதால் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஆபரேஷன் முடிந்ததும் ரத்தம் காய்வதற்குள் கழுவ வேண்டும். உள்ளே துளையுள்ள கருவிக்கு அதற்கேற்ற நீளத் தூரிகை. பிரிக்கக் கூடியதைப் பிரித்துத்தான் கழுவ வேண்டும். பிறகு உலர்த்தி, பூதக்கண்ணாடியில் பார்த்து, கருவிக்குக் கருவி பள்ளம் உள்ள தட்டில் அடுக்க வேண்டும். சுத்தியலையும் கனமான சாமானையும் அதன் மேல் போடக் கூடாது. கடைசியில் நீராவிக் கொதிகலத்தில், தயாரித்த கம்பெனி சொன்ன சூட்டில், சொன்ன நேரம். இப்படிப்பட்ட எஃகுக் கருவிகளுக்கு வழக்கமாக 134 டிகிரி.

எங்கள் கழுவும் அறையில் கட்வால் மலைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பள்ளிப் படிப்பைக் கூட முடிக்காதவன். ஒவ்வொரு நீளக் கருவியையும் சமதளமான எஃகுப் பலகையில் வைத்து, சப்பாத்திக் கட்டையைப் போல உருட்டிப் பார்ப்பான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் மாலை ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சிஸ்டர்ஜி, யே சீதா நஹீ ஹை." நேராக இல்லையாம். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உருட்டிக் காட்டினான், நுனி தள்ளாடிற்று. யாரோ கீழே போட்டுவிட்டு, சொல்லாமல் தட்டில் வைத்திருக்கிறார்கள். சிவப்புச் சீட்டுக் கட்டிக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினோம். மறுநாள் காலை முதல் ஆபரேஷனுக்கு அந்தத் தட்டுதான் போயிருக்கும்.

ஆபரேஷன் தொடங்கும் முன்பு, கருவியின் நுனியைச் சட்டத்திலுள்ள சிறு குழியில் வைத்துக் கம்ப்யூட்டரிடம் சரிபார்க்கும் முறையும் உண்டு. அவசரத்தில் அதைத் தாண்டிப் போகக் கூடாது. கருவியை நெம்புகோலாகப் பயன்படுத்துவதும், அடிப்பதற்கென்று செய்யப்படாததைச் சுத்தியலால் அடிப்பதும் கூடாது.

நாம் என்ன கேட்கலாம்?

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். மெஷின் நல்ல துணை, பயப்பட வேண்டாம். ஆனால் "மெஷின் இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இந்த டாக்டரும் இந்தக் குழுவும் அதை எவ்வளவு காலமாகப் பயன்படுத்துகிறார்கள்? மெஷின் நடுவில் சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன செய்வார்கள்? ஸ்க்ரூ சரியான இடத்தில் இருக்கிறது என்பதை எப்படி, எப்போது உறுதி செய்வார்கள்? பணிவாகக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கருவியால் தீங்கு நேர்ந்தால் புகார் பதிவு செய்ய 2015 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. நோயாளியின் வீட்டாரும் அதில் தெரிவிக்கலாம்.

இன்னொன்று, நம்மைப் போல வெளியூரில் வாழ்பவர்களுக்கு மட்டும். முதுகு ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் முதலில் செய்வது, கால் விரலை ஆட்டச் சொல்வது. நரம்பு நன்றாக இருக்கிறதா என்பதை எந்தத் திரையையும்விட அந்த விரல் தெளிவாகச் சொல்லும். அரைமயக்கத்தில் கிடக்கும் நம் ஊர்ப் பெரியவர்களிடம் "பைர் ஹிலாயியே" என்றால் என்ன புரியும்? ஆட்டாமல் படுத்திருப்பார்கள். ஆட்ட முடியவில்லையோ என்று அங்கே கலவரம் ஆகும். அல்லது பாஷை புரியவில்லை என்று விட்டுவிடுவார்கள். அது அதைவிட ஆபத்து.

அதனால் ஒரு காகிதத்தில், "கால் விரலை ஆட்டுங்கம்மா", "மரத்துப் போயிருக்கா?", "எங்கே வலிக்குது?" என்ற மூன்றையும் இந்தி எழுத்தில் எழுதி, பக்கத்தில் இந்தி அர்த்தமும் போட்டு, அம்மாவின் கேஸ் ஷீட்டோடு வைக்கச் சொன்னேன். தம்பி அப்படியே செய்தார். ஆபரேஷன் அன்று மாலை போன் வந்தது.

"அக்கா, ராஜஸ்தான் சிஸ்டர் ஒருத்தங்க காகிதத்தைப் பார்த்துப் படிச்சாங்களாம். 'கால் விரலை ஆட்டுங்கம்மா'ன்னு. அம்மா ரெண்டு காலையும் ஆட்டிட்டு, 'நீ எந்த ஊரும்மா?'ன்னு கேட்டாங்களாம்!"

அம்மா இப்போது வாக்கர் பிடித்து வராந்தாவில் நடக்கிறார்.