கேட் வரைக்கும் ஹெல்மெட்

மைசூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை நஞ்சன்கூட்டில் கபினியைக் கடந்து, குண்டுலுப்பேட்டை, பண்டிப்பூர் வழியாக ஊட்டிக்கு ஏறுகிறது. அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் குன்னூரை ஒட்டி வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம். ராணுவ வளாக வாசல்களில் இருசக்கர வாகனக்காரர்களுக்கு உள்ள வழக்கம் நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லாவிட்டால் வண்டி உள்ளே போகாது. பேரம், சிபாரிசு, 'இந்த ஒரு தடவை மட்டும்' எதுவும் அங்கே எடுபடாது. நஞ்சன்கூடு வட்டாரத்திலோ பெரிய வாசல்கள் தொழிற்சாலைகளுடையவை. கடக்கொளா, தாண்டவபுரா, நஞ்சன்கூடு தொழிற்பேட்டை என்று வரிசையாக நிற்கும் ஆலைகளுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் பைக்கிலும் ஸ்கூட்டரிலும் தொழிலாளர்கள் வந்து சேர்கிறார்கள். டி.வி.எஸ். பைக்குகள் தயாராகும் ஆலையும் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. ராணுவ வாசலின் கண்டிப்பை இந்த வாசல்களும் கைக்கொள்ள வேண்டும். ஆனால் அதை வாசலோடு நிறுத்திவிடக் கூடாது என்பதே என் வாதம்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 129-வது பிரிவு நான்கு வயதைக் கடந்த எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருடன் பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கர்நாடகத்தில் பின்னிருக்கைக்கு ஹெல்மெட்டை வற்புறுத்தத் தொடங்கியது 2016 ஜனவரியில். 2019 திருத்தம் அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கியது. கர்நாடக அரசு அதை 500 ஆகக் குறைத்தது. இத்தனைக்கும் பிறகு, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். 'என் தலை, என் இஷ்டம்' என்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் பார்க்கட்டும். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் வேகமும் இருக்கவில்லை, பிரேக்கும் இருக்கவில்லை. ஹெல்மெட் சாவின் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தின் அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. இது தெரியாமல் யாரும் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து ஓட்டுவதில்லை. பிடிபட மாட்டோம் என்ற நம்பிக்கைதான் காரணம். அபராதத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்த நம்பிக்கை அசையாது. தினமும் ஒரே இடத்தில், எல்லோரையும் பார்க்கும் வாசல்தான் அதை அசைக்கும்.

'சாலையில் கேட்கப் போலீஸ் இருக்கிறது, கேட்டில் கேட்க இவர்கள் யார்?' என்ற கேள்வி நியாயமானதே. 129-வது பிரிவு 'பொது இட'த்துக்குத்தான் பொருந்தும். பொதுமக்களுக்குச் செல்ல உரிமையுள்ள இடமே சட்டத்தின் கண்ணில் பொது இடம். காவல் போட்ட ராணுவ வளாகமோ மதில் சூழ்ந்த ஆலையோ அந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்காது. ஆகவே உள்ளே தனி விதி தேவைப்படுகிறது. அனுமதி பெற்று நுழையும் இடத்தில் நிபந்தனை போட உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த அதிகாரம் உள்ளே விட மறுப்பதோடு முடிகிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் வசூலிக்க மாநில அரசு அறிவித்த அதிகாரிகளால்தான் முடியும். கேட் செக்யூரிட்டி ரசீதில்லாமல் நூறு ரூபாய் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நிர்வாகமும் நினைத்தபடி சம்பளத்தில் பிடிக்க முடியாது. முன்கூட்டி ஒப்புதல் பெற்று அறிவித்த தவறுகளுக்கு மட்டும், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மிகாமல்தான் அபராதம் போடலாம். கேட்டில் திருப்பி அனுப்புவதால் ஒரு நாள் கூலி போவதும் தண்டனைதான். அதனால் விதியைக் கன்னடத்திலும் தொழிலாளர் பேசும் மற்ற மொழிகளிலும் எழுதி ஒட்ட வேண்டும். மறந்து வந்தவருக்கு இரவல் கொடுக்கச் சில ஹெல்மெட்டுகளும் வாசலில் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியைத் திருப்பிவிட்டு மேலாளரின் பைக்குக்கு சல்யூட் அடிக்கும் வாசலை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கேட்டுக்கு நூறு அடி முன்னால் மாட்டி, வெளியே வந்ததும் கழற்றினால் யாருக்கு லாபம்? அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே இல்லினாய், அயோவா போன்ற மாநிலங்களில் பெரியவர்களுக்கு ஹெல்மெட் சட்டமே இல்லை. ஆனால் ராணுவத் தளத்துக்குள் யார் பைக் ஓட்டினாலும் ஹெல்மெட், கண் பாதுகாப்பு, முழுக்கைச் சட்டை, முழுநீளக் கால்சட்டை, கையுறை, கணுக்காலை மூடும் காலணி எல்லாம் வேண்டும். படைவீரருக்கோ தளத்துக்கு வெளியே, விடுமுறை நாளிலும் அதே விதி. அதாவது, விதி ஆளோடு கூடவே போகிறது. அதுவும் முழுமையாகக் காப்பாற்றிவிடவில்லை: 2008-ல் ஏறத்தாழ ஓராண்டில் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் இறந்த மரைன் வீரர்கள் 25 பேர், அதே காலத்தில் இராக்கில் கொல்லப்பட்டவர்கள் 20 பேர். வேக பைக் ஓட்டுபவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவை என்பதை அந்தச் சாவுகள்தான் உணர்த்தின. நஞ்சன்கூட்டு வெயிலில் கையுறையும் ஜாக்கெட்டும் கேட்பது அதிகப்படி என்றே நினைக்கிறேன். ஹெல்மெட், மூடிய காலணி, இரவு ஷிப்டுக்கு ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, வருடம் ஒருமுறை ஓட்டுநர் பயிற்சி: இவ்வளவு போதும்.

எந்த ஹெல்மெட் என்பதில்தான் வாசல்கள் அதிகம் ஏமாறுகின்றன. ஆலைக்குள் போடும் மஞ்சள் தொப்பி மேலிருந்து விழும் பொருளைத் தாங்குவதற்கானது; அதன் தரக் குறியீடு ஐ.எஸ். 2925. சாலையில் தேய்ந்து உருளும் தலைக்கு அது உதவாது. வண்டி ஓட்டுவதற்கு ஐ.எஸ். 4151 என்று அச்சிட்ட, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் வேண்டும்; 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாததை விற்பதே குற்றம். முத்திரையையும் போலியாக அடிக்கிறார்கள். அதற்கருகில் உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' (BIS Care) செயலியில் போட்டால் உண்மை தெரிந்துவிடும், அங்கேயே புகாரும் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. புது வண்டி வாங்கும்போது தரமான ஹெல்மெட் ஒன்று தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்வதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று பறக்கும். கேட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது முதலில் அந்தப் பட்டையைத்தான்.

சாலை தங்கள் பொறுப்பு இல்லை என்று நிர்வாகங்கள் இனி சொல்ல முடியாது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் நடக்கும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருந்தால், பணியின்போது நேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் ஒரு பிரிவு சேர்ந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அந்தக் கருத்து பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிபட்டவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை என்பதால் அவருடைய உரிமை அற்றுப்போவதில்லை. ஒரே பைக்கில் மூவர் போனதே இழப்பீட்டைக் குறைக்கப் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்று முகமது சித்திக் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைக்காயத்தில் ஹெல்மெட் இல்லாததைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் வாதாடத்தான் செய்யும். குறைத்த தொகைக்குச் சம்மதிப்பதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள். விபத்து நடந்தால் 112-ஐ அழைக்கலாம். 2025 மே மாதம் வந்த திட்டப்படி ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள், குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் மனு போடச் சட்டம் தரும் காலம் ஆறு மாதம். மனுவோடு எப்.ஐ.ஆர். நகலும், வேலைக்குத்தான் போனார் என்பதைக் காட்டும் ஷிப்ட் பதிவும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு கேட்டில்தான் இருக்கிறது. தாமதிக்காமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.